நூத்தி அறுபத்திமூணு விதி

பையை மேல வெக்க வேண்டாங்க, இருக்கட்டும், என்ற மடியிலயே வெச்சுக்கறேன். கனமெல்லாம் இல்லை. ஒரு புஸ்தகந்தான். கடையில விக்கற புஸ்தகமில்லீங்க, நான் எழுதுனது. நூத்தி பத்துப் பக்கம், ஸ்பைரல் போட்டு வெச்சிருக்கறேன். நீங்க எதுவரைக்குமுங்க? பொள்ளாச்சிங்களா? தேங்கா வியாபாரமா, நல்லது, நல்லது. நான் கெணத்துக்கடவுல எறங்கிக்குவேன். எறங்கோணும். ஏனுங்க கண்டக்டர், இந்த வண்டி கெணத்துக்கடவுல பாலத்துக்கு அடியிலதான போகும்? மேல போயிராதே? சரிங்க, சரிங்க.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமுங்களா? இல்லீங்களா. அதுவும் நல்லதுதான். தெரிஞ்சவன்கிட்டச் சொன்னா பாதியிலயே "ஓ, அதுவா சார்"னு சொல்லிட்டுப் போனை எடுத்துக்குவான். தெரியாதவங்கதான் முழுசாக் கேப்பீங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. சரவணம்பட்டியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கறேன். நூல் மில்லுகளுக்குப் புரோகிராம் எழுதிக் குடுக்கறது எங்க சோலி. பஞ்சு எத்தனை பேல் வந்துச்சு, எந்த லாட்டு எந்த மிஷின்ல ஓடுது, எந்தக் கோன் எந்த லாரியில போச்சு, எல்லாம் நம்ம புரோகிராம்தான் சொல்லும். இருபத்தியேழு வருசமாச்சுங்க. இன்னைக்கு அங்க உக்காந்திருக்கறதுல பாதிப் பேரு நான் சேந்தப்பப் பொறக்கவே இல்லை. அதை நான் எப்பவாச்சும் சொல்லிக் காட்டியிருக்கறனா? இல்லீங்க. மீட்டிங்குல சொல்லுவேன், அவ்வளவுதான்.

இன்னொண்ணும் மொதல்லயே சொல்லிர்றேன். நான் யாரையும் குத்தஞ்சொல்ற ஆளில்லை.

புரோகிராம் எழுதறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. வரியை எத்தனை எடம் தள்ளி ஆரம்பிக்கோணும், எதுக்கு என்ன பேரு வெக்கோணும், எங்க நிறுத்தோணும். நாலு ஸ்பேஸ் தள்ளுன்னா நாலுதான். மூணில்லை, அஞ்சில்லை. எப்படி எழுதுனாலும் மிஷினு ஓட்டிருமுங்க, அது பாவம். ஆனா நாளைக்கு இன்னொருத்தன் வந்து படிக்கோணுமில்லீங்களா? இதை இருபத்தியேழு வருசமா நான் தொண்டை வரளச் சொல்லிட்டு இருக்கறேன். "சரிங் சார்"ம்பானுங்க. அக்கட்டப் போயி அவனவன் இஷ்டத்துக்கு எழுதுவானுங்க. என்னைய முதுகுக்குப் பின்னால "வாத்தி"ன்னு கூப்புடறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கறானுங்க. தெரியுமுங்க. எனக்கு அதுல வருத்தமில்லை. சந்தோசந்தான்.

போன வருசம் கம்பெனியில இந்த ஏ.ஐ. அசிஸ்டென்ட்டை வாங்குனாங்க. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. இன்னது வேணும்னு சொன்னாப் போதும், புரோகிராமை அதுவே எழுதிரும். பத்து நாள் வேலை பத்து நிமிசத்துல. எழுதுதுங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா காலையில ஒரு மாதிரி எழுதும், மத்தியானம் ஒரு மாதிரி எழுதும். ஒரே மில்லுக்கு நாலு பேரு கேட்டா நாலு விதமா எழுதிக் குடுக்கும். கடைசியில எங்க மேனேஜரு விசாகன், சின்ன வயசுதான், முப்பத்தஞ்சு இருக்கும், என்ற சீட்டுக்கே வந்தான். "சார், இது எப்படி எழுதோணும்னு ஒரு விதிப் பட்டியல் போட்டுக் குடுத்துருங்க. எழுதறதுக்கு முன்னால அது தினமும் படிச்சுக்கும். உங்களை விட்டா இதுக்கு ஆளில்லை"ன்னான்.

உங்களை விட்டா ஆளில்லைன்னு சொன்னானுங்க. அந்த வார்த்தையை நீங்க குறிச்சுக்கோணும்.

அவன் எதிர்பாத்தது பதினஞ்சோ இருவதோ. நான் மூணு வாரம் உக்காந்து நூத்தி அறுபத்திமூணு எழுதுனேன். ஊட்ல சரசு, என்ற சம்சாரம், காப்பியைக் கொண்டாந்து வெச்சுட்டு எட்டிப் பாத்தா. "ஊட்ல ஒருத்தரும் உங்க பேச்சைக் கேக்கறதில்லைன்னு ஒரு மிஷினைப் புடிச்சுட்டீங்களாக்கு"ன்னு கேட்டுட்டுப் போனா. அவ கெடக்கறா.

சும்மா விதி மட்டும் எழுதலீங்க. விதி ரெண்டுலயே சொல்லிப்போட்டேன்: காரணம் இல்லாத விதி விதியே இல்லை. ஒவ்வொரு விதிக்கும் கீழ காரணம் இருக்கும். எந்த வருசம், எந்த மில்லு, யாரு என்ன தப்புப் பண்ணுனாங்க, அதனாலதான் இந்த விதி. பேரோட. "பேரு எதுக்கு சார்"னு விசாகன் தயங்குனான். பேரு போடாம எழுதுனா அது வதந்திங்க. விதி ஒம்பது பாருங்க, இந்தாங்க, இந்தப் பக்கம்: 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதாதே. தவறு தானாக நேராது. யார் செய்தார் என்று எழுது. எப்படி இருக்குதுங்க? இதை எழுதிட்டு ராத்திரிச் சோறு ரெண்டு கரண்டி கூடச் சாப்பிட்டேன்.

இந்த முப்பத்தெட்டு இன்னும் நல்லா இருக்கும். ஒரு வரியைக் கடைசியா யாரு தொட்டாங்களோ அவிங்க பேருதான் ஸ்கிரீன்ல பக்கத்துல விழும். எழுதுனவங்க வேற ஆளா இருக்கலாம். இவிங்க சும்மா ஸ்பேஸை நகர்த்தியிருப்பாங்க, அவ்வளவுதான், ஆனா வரி முழுக்க இவிங்க பேருல வந்துரும். எனக்கே ஒருக்கா அப்படி ஆயிருச்சுங்க. எவனோ எழுதுன தப்பு, நான் ஓரத்தைச் சரி பண்ணுனேன், என்ற பேரு விழுந்துருச்சு. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கலை. செய்யாத தப்புக்குப் பேரு வாங்கறது என்ன வேதனைன்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். அதனாலதான் விதி முப்பத்தெட்டு: கடைசியாகத் தொட்ட கையைப் பார்க்காதே, முதலில் எழுதிய கையைத் தேடு.

கடைசி விதி நூத்தி அறுபத்திமூணு. இந்தப் பட்டியலில் உள்ள எதையும் நம்பிக்கையின் பேரில் ஏற்காதே, காரணம் உண்மையா என்று பழைய பதிவுகளைப் பார்த்துச் சோதி, பொய்யாக இருந்தால் எல்லாருக்கும் தெரியச் சொல். கம்பீரமா முடியோணும்னு எழுதுனதுங்க அது.

ஈச்சனாரி வந்துருச்சா. பாருங்க, பேச்சுல தெரியவே இல்லை.

அதைக் கொண்டுபோயி அசிஸ்டென்ட்டுக்குக் குடுத்தாங்க. அடுத்த நாள் காலையில நான் போயி உக்காந்து அது எழுதுனதைத் தெறந்து பாத்தேன். என்னங்க சொல்றது. நாலு ஸ்பேஸ். வரிக்கு வரி நாலு ஸ்பேஸ். பேரெல்லாம் நான் சொன்னபடி. ஒரு எடத்துல சந்தேகம் வந்தா "விதி எழுபத்திரண்டின்படி இப்படிச் செய்திருக்கிறேன்"னு அடக்கமா ஒரு குறிப்பு. இருபத்தியேழு வருசத்துல நான் சொன்னதை முழுசாக் கேட்ட மொத ஆளு அதுதானுங்க. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கண்ணாடியைத் தொடைக்கற மாதிரித் தொடைச்சுக்கிட்டேன். பசங்க அதுக்கு "சின்ன வாத்தி"ன்னு பேரு வெச்சானுங்க. ஒரு பொண்ணு மூணு ஸ்பேஸ் விட்டா அது பொட்டாட்டத் திருத்திக் காரணத்தையும் கீழ போடும். நான் ஒண்ணுமே பேச வேண்டியதில்லை. காலாட்டிட்டு உக்காந்திருந்தேன்.

ரெண்டு மாசம். சரியா ரெண்டு மாசந்தானுங்க அந்தச் சந்தோசம்.

விதி ஒண்ணைப் பத்திச் சொல்லோணும் உங்களுக்கு. அது தெரியாம மேல சொன்னாப் புரியாது. மில்லுக்கு நாள்ங்கறது காலையில ஆறு மணிக்குத்தான் பொறக்கும். ராத்திரி பன்னெண்டுக்கு இல்லை. நம்ம காலண்டருல தேதி மாறிரும், மில்லுல மாறாது. ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு சங்கு ஊதற வரைக்கும் அங்க முந்தின நாள்தான். பஞ்சுக் கலவையை மாத்துனாலும் ஆறு மணிக்குத்தான் மாத்துவாங்க. இதெல்லாம் ஒரே பஞ்சுல ஓடுன நூலுன்னு அடையாளத்துக்குப் போடற லாட்டு நம்பரும் அந்தத் தேதியை வெச்சுத்தான் விழும்.

ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு மில்லுல, பேரு வேண்டாங்க, புரோகிராமுல ஒரு வரி பன்னெண்டு மணிக்கே தேதியை மாத்திருச்சு. பன்னெண்டுல இருந்து ஆறு வரைக்கும் ஓடுன நூலு பழைய பஞ்சு. ஆறுக்கு மேல ஓடுனது புதுப் பஞ்சு. ரெண்டுக்கும் ஒரே லாட்டு நம்பர். ஒரே பெட்டியில ஒட்டுக்காப் போட்டுத் திருப்பூருக்குத் தாட்டி விட்டுட்டாங்க. வெள்ளையா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாதுங்க. துணியா ஓட்டிச் சாயம் போட்டாத்தான் தெரியும். நீலத் துணி முழுக்கப் பட்டை பட்டையாக் கோடு. மில்லு மொதலாளி அந்தத் துணியைக் கொண்டாந்து எங்க மீட்டிங் மேசை மேல விரிச்சுப் போட்டாரு. "இதை யாரு பண்ணுனது"ன்னு கேட்டாரு. ரூமுல இருபது பேரு. நான்தான் மூத்தவன். அந்த வரியைத் தெறந்து, பக்கத்துல இருந்த பேரைப் படிச்சேன். தமயந்தி.

படிச்சேன், அவ்வளவுதானுங்க. படிச்சது குத்தமா?

தமயந்தி எனக்குக் கீழ எட்டு வருசம் வேலை செஞ்ச பொண்ணு. கெணத்துக்கடவுதான். தினமும் இதே ரூட்டுல பஸ்ஸுல வந்து போகும். கெட்டிக்காரப் பொண்ணுங்க, மில்லுக் கணக்கு அந்தப் பொண்ணுக்கு அத்துப்படி. அதோட கல்யாணத்துக்கு நான் குக்கர் குடுத்திருக்கறேன். அஞ்சு லிட்டர். அன்னைக்கு எந்திரிச்சு நின்னுட்டு "சார், நான் அன்னைக்கே..."ன்னு என்னமோ ஆரம்பிச்சுச்சு. மொதலாளி முன்னால வாக்குவாதம் நல்லா இருக்காதுன்னு "ஸ்கிரீன்ல பேரு இருக்குது அம்மிணி, பேச்சு வேண்டாம்"னு நிறுத்திட்டேன். பொண்ணைக் காப்பாத்தத்தான் நிறுத்துனேன். அடுத்த வாரம் அதுவே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. பொறவு ரெண்டு கம்பெனியில இருந்து அதைப் பத்தி எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. நான் உள்ளதைச் சொன்னேன். ஓரமெல்லாம் சுத்தமா வெக்கும், கவனம் பத்தாதுன்னு. ரெண்டு பேரும் எடுத்துக்கலை போல. நான் குத்தஞ்சொல்ற ஆளில்லீங்க. கேட்டாங்க, சொன்னேன்.

அதைத்தான் விதி ஒண்ணுக்குக் காரணமா எழுதுனது. இந்தாங்க, மொதப் பக்கம். மில் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். காரணம்: தமயந்தி என்பவர் பன்னிரண்டு மணி என்று எழுதியதால் ஒரு மில்லுக்கு இழப்பு.

பதினேழு நாளைக்கு முந்தி, புதுசாச் சேந்த ஒரு பொண்ணு, நாள் மாறற அந்த ஷிப்ட்டு வரியில கை வெச்சுது. சின்ன வாத்தி அதுக்குக் கீழ ஒரு குறிப்புப் போட்டுச்சு. இங்கிலீசுலதான் போடும், நான் தமிழ்ல சொல்றேன். "விதி ஒன்றின்படி இதைத் திருத்தியிருக்கிறேன். விதி நூற்று அறுபத்துமூன்றின்படி காரணத்தையும் சோதித்தேன். காரணம் பதிவுகளுடன் பொருந்தவில்லை. பன்னிரண்டு மணி என்ற வரியை முதலில் எழுதியவர் நாச்சிமுத்து. தமயந்தி அந்த வரியில் ஸ்பேஸ்களை மட்டுமே மாற்றியுள்ளார், விதி நான்கில் உள்ள நான்கு ஸ்பேஸ் முறைப்படி. விதி ஒன்றின் காரணத்தைத் திருத்தட்டுமா?"

கேட்டீங்களா திமிரை? திருத்தட்டுமாங்குது! நாப்பது பேரு பாக்கற எடத்துலைங்க!

அன்னைக்கு ஆபீஸ்ல அவனவன் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கலை. சிரிச்சிருந்தாக் கூடத் தேவலை. காப்பி மிஷின்கிட்ட நான் போனா அங்க நிக்கறவன் பாதிக் கப்போட நகர்ந்துக்கறான்.

நான் சும்மா இருப்பனா? ஒக்காந்து புதுசா ஒரு விதி போட்டேன், நூத்தி அறுபத்திநாலு: அஞ்சு வருசத்துக்கு முந்துன பதிவுகளைப் பாக்கக் கூடாது. அது உடனே கேட்டுச்சு: "காரணம் குறிப்பிடப்படவில்லை. விதி இரண்டின்படி காரணம் தேவை. என்ன எழுதட்டும்?" அந்த விதியையே அழிச்சுட்டேன். சரி, பெருந்தன்மையா அந்தப் பொண்ணு பேரை எடுத்துப்போடலாம்னு, விதி ஒண்ணுல 'முன்னொரு முறை தவறு நேர்ந்துவிட்டதால்'னு மாத்துனேன். உடனே கீழ: "விதி ஒன்பதின்படி, யார் செய்தார் என்று எழுத வேண்டும்." என்ற சோத்தைத் தின்னுட்டு என்னையவே கேள்வி கேக்குதுங்க! விசாகன்கிட்டப் போயி இந்த மிஷினுக்கு மரியாதை தெரியலைன்னேன். அவன் என்னையவே பாத்துட்டு, "சார், நீங்க எழுதுனதைத் தவிர அது ஒண்ணும் செய்யலையே"ன்னான்.

நீங்களே சொல்லுங்க. எழுதுனது நானாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணு வரிக்கு வரி ஸ்பேஸ் நகர்த்துச்சே, அப்பப் பன்னெண்டுங்கறதைக் கண்ணால பாத்திருக்கோணுமா இல்லையா? பாத்துட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்களா? அதை நான் அசிஸ்டென்ட்டுக்கிட்டயே எழுதிக் கேட்டேன். வாயைக் குடுத்து மாட்டுனேன்னு சொல்லோணும்.

கேட்டிருக்குதுங்க.

ஆமாங்க, அந்தப் பொண்ணு கேட்டிருக்குது. அசிஸ்டென்ட்டு அதையும் தோண்டி எடுத்துக் கொண்டாந்து எல்லாரும் பாக்கற எடத்துல போட்டுருச்சு. ஆறு வருசத்துக்கு முந்தி, ஸ்பேஸை நகர்த்துன அன்னைக்கே, தமயந்தி எனக்கு எழுதியிருக்குது: "சார், இங்கே பன்னிரண்டுக்குப் பதில் ஆறு என்று வர வேண்டாமா? மில்லில் நாள் ஆறு மணிக்குத்தானே." அதுக்குக் கீழ என்ற பதில்: "இது ஸ்பேஸ் திருத்தம். ஸ்பேஸை மட்டும் திருத்தவும். ஒரு மாற்றத்தில் ஒரு வேலை. கலக்காதே." அப்படிச் சொல்லிட்டு அந்தக் கேள்வியை மூடிட்டேன். மூடுனவர் நாச்சிமுத்து, தேதி, மணி, எல்லாம் இருக்குது. ஒரு மாற்றத்தில் ஒரு வேலைங்கறது இப்பவும் நல்ல விதிதானுங்க. அதுல தப்பில்லை. அதுதான் விதி பதினொண்ணு.

அந்த மீட்டிங்குல எந்திரிச்சு நின்னு "அன்னைக்கே"ன்னு ஆரம்பிச்சது இதைத்தான் போல இருக்குது. எனக்கு அது ஞாபகமே இல்லீங்க. சத்தியமா ஞாபகமில்லை. தினமும் அந்த மாதிரி நாப்பது கேள்வி மூடற ஆளு நான்.

இது ஒத்தக்கால்மண்டபங்களா? சரி.

போன வெள்ளிக்கிழமை விசாகன் கூப்புட்டு உக்கார வெச்சான். கதவைச் சாத்துனான். "சார், அந்தப் பதிவு திருத்தியாகோணும். திருத்துனா நான் தமயந்தி அக்காவைத் திரும்பக் கூப்புடுவேன். ஷிப்ட்டுக் கணக்கு தெரிஞ்ச ஆளு இப்ப நம்மகிட்ட இல்லை. ஆனா மொதல்ல அவிங்க பேரைச் சுத்தம் பண்ணாம எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போயிக் கூப்புடறது? அந்த 'திருத்தட்டுமா'வுக்குப் பதில் நீங்கதான் சொல்லோணும். விதி எழுதுனவங்க பதில் சொல்லாம வேலை நகரக் கூடாதுன்னு நீங்களே விதி வெச்சிருக்கறீங்க. உங்க பதிலுக்காக மூணு மில்லு வேலை நிக்குது. இன்னும் பத்து நாள் தர்றேன். வர்ற திங்கக்கெழமை விட்டு அடுத்த திங்கக்கெழமைக்கு மேல நானே எழுதிப் போட்டுருவேன். நான் எழுதுனா அது வேற மாதிரி இருக்கும் சார். நீங்க எழுதுனா நல்லா இருக்கும்"னான்.

என்னைய விடச் சின்னவன். திட்டியிருந்தாக் கூடப் பரவால்லை. மெதுவாச் சொன்னானுங்க, அதுதான் சுட்டுச்சு.

திங்கக்கெழமைன்னா நாளானைக்கு.

அந்தப் பொண்ணு இப்பக் கெணத்துக்கடவு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வெச்சிருக்குது. ரேசன் கார்டுக்கு, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடிச்சுக் குடுக்கும். மில்லு லாட்டுக் கணக்கு பாத்த பொண்ணுங்க. போன சனிக்கெழமை நேரா அங்க போனேன். நேருலயே பேசிரலாம்னுதான். கடையில நாலஞ்சு பேரு நின்னாங்க. என்னையப் பாத்த ஒடனே எந்திரிச்சு, "வாங்க சார்"னு ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டுச்சு. ஊட்ல அக்கா சௌக்கியமான்னு கேட்டுச்சு. எனக்கு வாய் வரலை. என்னமோ ஒண்ணு சொல்லோணுமேன்னு, பேங்குக்கு ஒரு கடிதம் அடிக்கோணும் அம்மிணின்னு சொல்லிட்டேன். பேங்குல எனக்கு ஒரு சோலியும் இல்லை. நான் சொல்லச் சொல்ல அது அடிச்சுது. அச்சு எடுத்துக் கையில குடுத்துட்டு, "வேற ஏதாச்சுங்களா சார்?"னு கேட்டுச்சு.

அதுதான் நேரம். நானும் வாயைத் தெறந்தேன். தெறந்து, "எடது பக்கம் ஓரம் சித்தெ கம்மியா இருக்குது"ன்னேன்.

அந்தப் பொண்ணு திரும்ப உக்காந்து ஓரத்தைச் சரி பண்ணி, இன்னொரு காயிதத்துல எடுத்துக் குடுத்துச்சு. காசு வேண்டாஞ்சார்னுட்டுது. பாத்தீங்களா, அந்த ஒழுங்கு நான் பழக்குனது. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அதைத்தான் நெனச்சுட்டு வந்தேன். அப்படியே நெனச்சுட்டு வந்தேன்னு வெச்சுக்கங்களே. அன்னைக்கும் சோறு எறங்கலை.

நேத்துத் திரும்ப வந்தனுங்க. லீவு போட்டுட்டு. ஆனா பஸ்ஸு பாலத்து மேல போயிருச்சு. எறங்க முடியலை. பொள்ளாச்சி போயி டீயைக் குடிச்சுட்டுத் திரும்பிட்டேன்.

என்னங்க கண்டக்டர்? இல்லீங்க, நான் உங்களைச் சொல்லலை. நேத்தும் உங்க வண்டிதானா? ஓ. கீழதான் நிறுத்துனீங்களா? ரெண்டு விசில் அடிச்சீங்களா? எனக்குக் காதுல விழுகலைங்க.

சரி விடுங்க. அதுக்கெல்லாம் இப்ப வழி பண்ணிட்டேன். நல்ல ரோசனை ஒண்ணு கெடைச்சுது. பேசுனாத்தான வாய் வரலை? எழுதிட்டேன். இந்தாங்க, சட்டைப் பையில வெச்சிருக்கறேன், கையில எழுதுன காயிதம். இதைக் கொண்டுபோயிக் கடையில குடுத்து, அடிச்சுக் குடு அம்மிணின்னு சொல்லப் போறேன். அடிக்கோணும்னா படிச்சுத்தான ஆகோணும்? படிச்சாத் தெரிஞ்சுக்குமில்லீங்களா? அப்படியே அங்கிருந்தே ஆபீஸுக்கு அனுப்பிச்சுட்டா அசிஸ்டென்ட்டுக்கும் பதில் ஆச்சு, விசாகனுக்கும் ஆச்சு. ஒரே காயிதத்துல எல்லாம். நாலு ஸ்பேஸ் தள்ளி அடிக்கச் சொல்லோணும், மறக்காம.

நீங்க ஒருக்காப் படிச்சுப் பாருங்க. வெளி ஆளு படிச்சுச் சொன்னா நல்லது. கண்ணாடி வேணுங்களா? வேண்டாமா. சத்தமாவே படிங்க, பரவால்லை.

"விதி ஒன்று, காரணம், திருத்தம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மில் நாள் பன்னிரண்டு மணி என்று எழுதப்பட்டுவிட்டது. தமயந்தி அவர்கள் அதை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டியும் கவனிக்கப்படாமல் போய்விட்டது. பின்னர் அவர் மீது பழி ஏற்பட்டுவிட்டது. இதற்காக வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

எப்படி இருக்குதுங்க? ராத்திரி முழுக்க ஆச்சு இதை எழுத. அவர்கள்னு போட்டிருக்கறேன் பாத்தீங்களா? மரியாதையா.

என்னங்க?

யாருன்னு இல்லையா? எது யாருன்னு இல்லை? எழுதப்பட்டுவிட்டதுன்னு இருக்குதே. ஓ. எழுதுனது யாருன்னு. கவனிக்காமப் போனது யாருன்னு.

அட, நீங்களுமா. தேங்கா வியாபாரம்னு சொன்னீங்க, அந்த அசிஸ்டென்ட்டு மாதிரியே கேக்கறீங்களே. நம்ம விதி ஒம்பதை நீங்க அரை மணி நேரத்துல படிச்சுக்கிட்டீங்க பாருங்க. பசங்களுக்கு அது இருபத்தியேழு வருசம் ஏறலை.

அந்தா மலைக்கோயில் தெரியுது. வந்துருச்சு.

பேனா இருக்குதுங்களா? இந்தப் பை மேலயே வெச்சு எழுதிர்றேன். இந்த எடத்துல, எழுதப்பட்டுவிட்டதுங்கறதை அடிச்சுட்டு... 'நான் எழுதினேன்.' சரி. அப்புறம், 'நான் கவனிக்கவில்லை.' இல்லீங்க, அது பொய். பாத்துட்டுத்தான மூடுனேன். 'நான் மூடினேன்.' பொறவு இந்தப் பழி. பழி ஏற்பட்டுவிட்டது. 'நான்...' பேனா எழுத மாட்டேங்குதுங்களே. இல்லை, எழுதுது. 'நான் இருபது பேர் முன்னால் அவர் பேரைப் படித்தேன். பிறகு இரண்டு கம்பெனிகளுக்கும் சொன்னேன்.' கடைசி வரியில, தெரிவிக்கப்படுகிறதுக்கு என்னங்க போடறது? ஆமாங்க. அதையே போட்டுர்றேன். 'தமயந்தி, என்னை மன்னித்துவிடு.' விடு போதுமுங்களா, விடுங்கள்னு போடோணுமா? அம்மிணின்னு கூப்புட்ட பொண்ணு. விடுன்னே இருக்கட்டும்.

இருங்க கண்டக்டர், எறங்கறேன், எறங்கறேன், விசில் அடிச்சுராதீங்க. இந்த ஸ்பைரலை நீங்களே வெச்சுக்கங்க. இது எனக்கு வேண்டாம், அங்க கொண்டுபோனா மறுபடியும் எதையாச்சும் எடுத்துக் காட்டிட்டு நிப்பேன். காலைச் சித்தெ ஒதுக்குங்க.

எழுத்துத்தான் ரொம்பக் கோணலாப் போச்சு. அந்தப் பொண்ணு என்ற எழுத்தா இதுன்னு கேக்கும். பஸ்ஸு இந்த ஆட்டம் ஆடுனா எவன் எழுத்து நேரா வரும், சொல்லுங்க?

ஏனுங்க சிரிக்கறீங்க?

பஸ்ஸு நின்னு ரெண்டு நிமிசமாச்சுங்களா?